பதினைந்து நாளைக்கென்று வைத்த படாக் கட்டை

என் மாப்பிள்ளை பழனிசாமியின் வலது கட்டைவிரலில் ரேகை கிடையாது. ரேஷன் கடை மிஷினில் அவர் விரலை வைத்தால் சிவப்பு விளக்குத்தான் எரியும். துடைத்துவிட்டு வையுங்கள், அழுத்தி வையுங்கள், மற்ற விரலை வையுங்கள் என்று கடையில் இருக்கும் பெண் சொல்லிப் பார்ப்பாள். கடைசியில் நான் போய் வைப்பேன். அறுபத்தெட்டு வயதாகிறது, கட்சால் தீவில் முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிய கை. ஆனாலும் என் விரல் ஒரே தடவையில் விழுந்துவிடும்.

அவர் விரலைத் தேய்த்தது செம்பு. பட்டையை அறுத்து, ஓட்டை போட்டு, அரம் போட்டு முடித்த பிறகு, ஓரத்தில் பிசிர் இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். கண்ணால் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறேன். "கண்ணு ஏமாத்தும் அத்த, வெரலு ஏமாத்தாது" என்பார். பதினைந்து வருஷம் அப்படித் தடவியதில் விரல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

இப்போது அவர் அந்த வேலைக்குப் போவதில்லை. ஏன் போவதில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். நஜிமுதீன் என்ற ஒரு மனிதர் தன் கவனக்குறைவால் செத்தார் என்று ஒரு காகிதத்தில் எழுதி மூடி வைத்திருக்கிறார்கள். அது பொய். பொய்யென்று சொல்ல என் மாப்பிள்ளை படாத பாடு பட்டார். அவரால் முடியாமல் போனதற்குக் காரணம் நான்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் இது புரியாது.

வீட்டுக்குக் கரண்டு கம்பியில் வருகிறது. பம்ப் ஹவுஸ், ஐஸ் பிளாண்ட் போன்ற இடங்களில் அந்தக் கம்பி போதாது. பீரோ மாதிரி ஓர் இரும்புப் பெட்டி செய்வார்கள், பேனல் என்று பெயர். அதற்குள் கம்பிக்குப் பதிலாகச் செம்புப் பட்டைகளை நீளமாக ஓடவிடுவார்கள். அதைத்தான் பஸ்பார் என்கிறார்கள். அந்தப் பட்டைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது, பெட்டியின் இரும்பையும் தொடக் கூடாது. பெட்டிக்குள் அந்தரத்தில் நிற்க வேண்டும். அப்படி நிறுத்திப் பிடிப்பதற்குச் சீப்பு மாதிரிப் பல் வைத்த ஒரு சிவப்புக் கட்டை உண்டு. மரமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை, கல் மாதிரி கனக்கும். சப்போர்ட் என்பார்கள். ஒவ்வொரு பல்லிடுக்கிலும் ஒரு பட்டை உட்காரும்.

இந்தத் தீவில் நாங்கள் இருக்கும் டாலிகஞ்சில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவர் வேலை பார்த்த பட்டறை. சாயங்காலம் நாலு மணிக்கு நான் டீ எடுத்துப் போவேன். ஆள் இல்லாத நாளில் பட்டையின் மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொல்வார். அப்படி ஒரு நாள் கேட்டேன், இத்தனை சப்போர்ட் எதற்கு, இரண்டு முனையில் இரண்டு வைத்தால் நிற்காதா என்று.

"நிக்கும் அத்த. கரண்டு ஒழுங்கா ஓடுறவரைக்கும் பசு மாட்டுக் கணக்கா நிக்கும். எங்கயாச்சும் ஷார்ட் ஆச்சுன்னு வைங்க, ஒண்ண ஒண்ணு எட்டி ஒதைக்கும். இந்தா, இம்புட்டுத் தடிப் பட்ட வில்லு மாதிரி வளைஞ்சிரும். அந்த ஒரு ஒதைய வாங்கிக்கத்தான் அடிக்கு ஒண்ணு."

"எப்பவோ ஒதைக்கப் போறதுக்கு இவ்வளவு செலவா?"

"எப்பவோதான். அன்னிக்கு எதிர்த்தாப்ல ஒரு ஆள் நிப்பானே."

அப்படிப்பட்டவர்தான் அவர். என் மகள் உமா மகேஸ்வரியைக் கட்டி வந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு சொல் கடுமையாகப் பேசியதில்லை. எனக்கென்று இருந்தவர்களில் இரண்டு பேரைக் கட்சாலில் சுனாமி வந்த ஒரே காலையில் கடல் எடுத்துக்கொண்டது. புருஷனும் மூத்த மகனும். உமா அப்போது இங்கே ஹாஸ்டலில் இருந்ததால் மிஞ்சினாள். கட்டிய சேலையோடு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் நான் வந்து இறங்கியபோது அவளுக்குப் பதினாலு வயது. அதற்கப்புறம் வீடு கட்டும் வேலைக்கு வயரிங் செய்ய ராமநாதபுரத்திலிருந்து வந்தவர் பழனிசாமி. இந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளைச் செருப்பு கிடப்பதைப் பார்த்தாலே எனக்குத் தூக்கம் வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதுதான் வேர். நியாயம் என்று சொல்லவில்லை.

போன வருஷம் தை மாதம், கடலோரத்தில் புதிதாக வந்த ஓர் ஐஸ் பிளாண்டுக்கு பேனல் செய்யும் வேலை பட்டறைக்கு வந்தது. பட்டறை முதலாளி ஸ்ரீதர்தான் காண்டிராக்டர். சப்போர்ட் எட்டு வேண்டும் என்று சென்னைக்குச் சொல்லி, கப்பலில் பெட்டி வந்தது. பிரித்தால் ஐந்துதான் முழுசாக இருந்தன. மேலே எதையோ கனமாக ஏற்றியிருக்கிறார்கள், மற்ற மூன்றும் பல் உடைந்து கிடந்தன. திரும்பச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரக் கப்பல் இஞ்சின் கோளாறென்று கிளம்பவில்லை. பிளாண்டுக்காரர் தேதி குறித்துவிட்டார், படகுக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், தினம் இரண்டு தடவை போன் செய்தார்.

படாக் வைக்கலாம் என்று சொன்னது என் மாப்பிள்ளைதான். ஸ்ரீதர் தலையில் கட்டிவிட எனக்கும் ஆசைதான், ஆனால் அது அவர் யோசனை.

இந்தத் தீவில் படாக் மரத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. கரையான் தின்னாது, தண்ணீரில் ஊறாது. கட்டில், கோயில் கதவு, படகின் அடிக்கட்டை எல்லாம் அதுதான். எதுவும் கிடைக்காத நாளில் அதன் இடத்தில் ஒரு துண்டு படாக்கைச் செதுக்கி வைத்துவிட்டுக் கப்பல் வரும்வரை சமாளிப்பது இங்கே யாருக்கும் தப்பாகத் தெரியாது. என் தையல் மிஷினின் கால்கூட அப்படித்தான் நிற்கிறது. எங்கேயோ கழற்றிப் போட்ட பழைய காலத்து சுவிட்ச் போர்டில் எண்ணெயில் ஊறிய மரக்கட்டை செம்பைத் தாங்கி நின்றதை மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். அது மனதில் இருந்திருக்கிறது.

"பழைய ஆளுக மரத்துலதான்யா வச்சிருக்காங்க. எண்ணெயில கொதிக்க வச்சா கரண்டு கடத்தாது. சப்போர்ட் வந்ததும் மாத்திருவேன். பதினஞ்சு நாளு" என்றார்.

"பந்த்ரா தின்? டீக் ஹை, கர் தோ" என்றார் ஸ்ரீதர். பதினைந்து நாள்தானே, செய் என்று அர்த்தம். அவரும் தமிழர்தான், ஆனால் வேலை பேசும்போது இந்திதான் வரும்.

கட்டை மூன்றையும் என் முற்றத்தில்தான் கொதிக்க வைத்தோம். பழைய அலுமினியச் சட்டியில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, அடுப்பை மூட்டிவிட்டு, "நொர வர்றது நிக்கிற வரைக்கும் எறக்காதீங்க அத்த. நொரன்னா உள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அவர் பட்டறைக்குப் போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற பிறகுதான் இறக்கினேன் என்று நினைக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய முடியாது.

பேனல் போய் நின்றது. ஐஸ் வந்தது. வேறு இடங்களில் பல வருஷம் மிஷின் ஓட்டிவிட்டு அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தவர்தான் நஜிமுதீன். காயல்பட்டினத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. பெண்சாதி கரீமா, மகள் ரிஹானா, பிளாண்டுக்குப் பின்னாலேயே குடியிருப்பு. அவருக்கும் மாப்பிள்ளைக்கும் எப்படித்தான் ஒட்டியதோ, ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் எங்கள் வீட்டில், இல்லாவிட்டால் இவர் அங்கே. இவர் அவரைப் பாய் என்பார், அவர் இவரைச் சாமி என்பார்.

"ஏ சாமி, ஒம் பேனல்ல என்னத்தய்யா வச்சிருக்க? தொறந்தா கல்யாண வீட்டுக் கட்டில் வாசம் வருது."

"படாக் பாய். ஒமக்கு ஒரு கட்டில் அளவு மிச்சம் இருக்கு, வேணுமா?"

"எனக்குச் சந்தூக்குக்கு வேணும்னா எடுத்து வையி" என்பார். சந்தூக்கு என்றால் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, தூக்கிப் போகும் பெட்டி. விளையாட்டாகச் சொன்னதுதான். அப்போது எல்லோரும் சிரித்தோம்.

இருபத்திரண்டாம் நாள் சப்போர்ட் வந்தது. மூன்றும் முழுசாக. மாப்பிள்ளை அதைச் செய்தித்தாளில் சுற்றி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு பிளாண்டுக்குப் போனார். மாற்ற வேண்டுமென்றால் நாலு மணி நேரம் கரண்டை நிறுத்த வேண்டும். பிளாண்டுக்காரர் முடியாது என்றார். ஐஸ் உருகிவிடும், படகு காத்திருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம். அடுத்த வாரமும் அதேதான். பிளாண்டுக்காரரிடம் போய்ப் பேசும்படி மாப்பிள்ளை ஸ்ரீதரைக் கேட்டார். "சல் ரஹா ஹை நா பழனி? ஓடிட்டுத்தானே இருக்கு? ஓடுறத ஏன் நோண்டுற?" என்றார் அவர்.

அந்த மூன்று சப்போர்ட்டும் மாசி, பங்குனி, சித்திரை என்று டிக்கியிலேயே சுற்றின. ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்பார், திரும்ப வருவார். வந்து அலமாரியில் வைப்பார், கிளம்பும்போது எடுத்துப் போவார். உமாகூடக் கேலி செய்தாள், "ரெண்டாவது புள்ளையத் தூக்கிட்டுத் திரியறாரு" என்று.

சித்திரைக் கடைசியில் காற்று மாறியது. கடலோரத்து இடம், உப்புக் காற்று, உள்ளே எப்போதும் ஐஸ் ஈரம். ஒரு நாள் நஜிமுதீன் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சாமி, கட்டையில ஒரு கோடு விழுந்திருக்குய்யா. பென்சில் கிழிச்ச மாதிரி கறுப்பா."

மாப்பிள்ளை போனை வாய்க்குப் பக்கத்தில் எடுத்தார். "எந்தக் கட்டையில பாய்? எங்கேருந்து எங்க போகுது?"

"அடிக் கட்டையில. ஒரு பட்டையில தொடங்கி அடுத்த பட்டைக்குப் பாதி தூரம் வந்திருக்கு."

"பாய், அது கரண்டு நடந்து போன தடம். கோடு அடுத்த பட்டையத் தொட்டுச்சுன்னா முடிஞ்சுது. ஒண்ணு செய்யுங்க. தெனம் காலையில ஒரு தடவ கதவத் தொறந்து, தள்ளி நின்னு, டார்ச் அடிச்சுப் பாருங்க. கைய உள்ள விடாதீங்க. கோடு எவ்வளவு வளருதுன்னு எனக்குச் சொல்லுங்க. அதக் காட்டித்தான் அந்த ஆள்கிட்ட கரண்ட நிறுத்த வைக்கணும்."

"ஒனக்காகப் பாக்குறேன்" என்றார் நஜிமுதீன்.

இந்தப் பேச்சை நான் என் காதால் கேட்டேன். கதவைத் திறக்கச் சொன்னது என் மாப்பிள்ளை. திறந்து பார்த்தது அவருக்காக. இது ஒன்றுதான் இந்தக் கதையில் முக்கியம்.

பதினொரு நாள் பார்த்தார். ஒவ்வொரு நாளும் போன் வரும். இன்றைக்கு ஒரு நெல் அளவு. இன்றைக்கு வளரவில்லை. இன்றைக்கு இரண்டு நெல். மாப்பிள்ளை அதைச் சொல்லி ஸ்ரீதரிடம் கெஞ்சினார், பிளாண்டுக்காரரிடம் கெஞ்சினார். ஒருவழியாக வருகிற வெள்ளிக்கிழமை நாலு மணி நேரம் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

புதன்கிழமை மழை பிடித்தது. காலை பத்தரை மணி இருக்கும். நஜிமுதீன் வழக்கம்போல் கதவைத் திறந்து டார்ச் அடித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கோடு போய்ச் சேர்ந்துவிட்டது. வெடித்து நெருப்பு அவர் மேல் அடித்தது, சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதாம். மாப்பிள்ளை போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் போய்விட்டது. மெயினை அணைத்துவிட்டு உள்ளே பார்த்திருக்கிறார். சிவப்பு சப்போர்ட் இருந்த பக்கம் பட்டை நேராக நின்றது. படாக் இருந்த பக்கம் கட்டைகள் பிளந்து, பட்டை வில்லாக வளைந்து வெளியே வந்திருந்தது. டார்ச் தரையில் கிடந்தது, இன்னும் எரிந்துகொண்டு. அவர் அந்தப் பிளந்த கட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. கை எடுத்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் நஜிமுதீன் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்த மாப்பிள்ளை, பையைத் திறந்து கட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்தார். கறுப்புக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரிக்க ஆபீசர் வாராரு அத்த. இதக் கையில குடுத்து எல்லாத்தையும் சொல்லிரப் போறேன்."

"என்னத்தச் சொல்லுவீங்க?"

"நான் வச்ச கட்ட. நான் தொறக்கச் சொல்லித்தான் பாய் தொறந்தாரு. இல்லாட்டி பாய் மேலதான் எழுதுவாங்க. ஸ்ரீதர் அண்ணன் இப்பவே சொல்றாரு, ஓடுற பேனலத் தொறந்தது ஆபரேட்டர் தப்புன்னு."

"சொன்னா ஒங்கள என்ன செய்வாங்க?"

"லைசென்ஸ் போகும். ஜெயிலும் இருக்கலாம்."

"அப்ப சொல்லாதீங்க."

"அத்த—"

"போன உசுரு வராது மாப்புள்ள. ஒங்க மக சங்கவிக்குப் பதினோரு வயசு. ஏற்கெனவே ரெண்டு பேரக் கடலுக்குக் குடுத்தவ நான். மூணாவதா ஒங்கள ஜெயிலுக்குக் குடுக்க முடியாது. நீங்க சொல்லக் கூடாது."

உமா அழுதுகொண்டே, "அம்மா, இது அவரு மனசு. நீ விட்டுரு" என்றாள். நான் விடவில்லை. பிடித்தால் விடாத புத்தி எனக்கு. கட்சாலில் எல்லோரும் முகாமுக்குப் போன பிறகும் ஒன்பது நாள் கரையிலேயே உட்கார்ந்திருந்தவள். அவர் கடைசியில் கட்டைகளைத் திரும்பப் பையில் போட்டு ஆணியில் மாட்டினார். சொல்லத்தான் போகிறார் என்று அவர் மாட்டிய விதத்திலேயே தெரிந்தது.

விடிந்ததும் நான் எழுந்து குளிக்கிற தண்ணீருக்கு அடுப்பு மூட்டினேன். அந்தக் கட்டைகளை எடுத்து உள்ளே வைத்தேன். எண்ணெய் குடித்த மரம், கற்பூரம் மாதிரிப் பிடித்தது. அந்தத் தண்ணீரில்தான் மாப்பிள்ளை குளித்தார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, பையை எடுத்தார். பை லேசாக இருந்தது.

என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

"அத்த, அது பாயோட சாட்சி" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

கட்டை இல்லாமலே போய் எல்லாவற்றையும் சொன்னார். அலமாரியிலிருந்த மூன்று சப்போர்ட்டையும் எடுத்துப் போய்க் காட்டினார், இது போடாமல் விட்டது, இதன் இடத்தில்தான் மரம் இருந்தது என்று. மரம் எங்கே என்று ஆபீசர் கேட்டிருக்கிறார்.

"இல்ல சார்."

"என்னாச்சு?"

"தொலைஞ்சிருச்சு சார்."

மாமியார் எரித்துவிட்டாள் என்று சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கே நின்ற ஸ்ரீதர், "படாக்கா? பாகல் ஹோ கயா க்யா? பைத்தியமா ஒனக்கு? எட்டும் சப்போர்ட்தான் சார் போட்டோம், பில் இருக்கு. வெடிச்சதுல மூணு தூளாயிருச்சு, இவன் காட்டுற மூணும் ஸ்பேர். பாவம், சிநேகிதன் செத்ததுல புத்தி பேதலிச்சுப் பேசுறான்" என்றாராம். பட்டை நடுவில் வளைந்து கிடக்கிறதே, அதைப் பாருங்கள் என்று இவர் காட்டியிருக்கிறார். வெடித்தால் வளையத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கரண்டு நிறுத்தக் கேட்டது ஏதோ சாதாரண ரிப்பேருக்கு என்றாராம் பிளாண்டுக்காரர். போன் பேசியது போனில் இருக்கிறது, பேசியது என்ன என்பது இல்லை.

காகிதம் வந்தது. ஓடிக்கொண்டிருந்த பேனலின் கதவை அனுமதியில்லாமல் திறந்தது இறந்தவரின் கவனக்குறைவு. ஒரே ஒரு வரி. அந்த வரியால் கரீமாவுக்குக் கிடைக்க வேண்டிய எதுவும் கிடைக்கவில்லை, குடியிருப்பையும் காலி செய்யச் சொன்னார்கள். அதைவிட, தெருவில் பேச்சு. இருபது வருஷம் மிஷின் ஓட்டியவன் கரண்டு பெட்டிக்குள் தலையை விடுவானா, எங்கேயோ நினைப்பு, அடக்கம் பண்ணப் போன இடத்திலேயே அப்படிப் பேசினார்களாம். மாப்பிள்ளை வீடு வீடாகப் போய், இல்லை, நான்தான் என்றார். நல்ல மனுஷன், சிநேகிதனுக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். ஒருத்தர்கூட நம்பவில்லை. உண்மை சொன்னதற்காக அவரை நல்லவர் என்றார்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

லைசென்ஸ் போகவில்லை. ஜெயிலும் இல்லை. நான் கேட்டது எல்லாம் எனக்குக் கிடைத்தது. செருப்பு வாசலில்தான் கிடக்கிறது, ஆள்தான் உள்ளே இல்லை. பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஒரு சிமெண்டுக் கடையில் மூட்டை இறக்குகிறார். செம்பைத் தொடுவதில்லை. வீட்டில் ஒரு பல்பு போனால்கூட உமாதான் மாட்டுகிறாள். என்னிடம் சாப்பாடு கேட்கிறார், தண்ணீர் கேட்கிறார், அத்தை என்றும் கூப்பிடுகிறார். அவ்வளவுதான் மிச்சம்.

எட்டு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் உமாவைக் கூட்டிக்கொண்டு, ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெயில் கொதிக்க வைத்தது, போனில் கேட்டது, அடுப்பில் வைத்தது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, இது ஒங்களுக்கே வெனையா வரும்" என்றார். "எழுதுங்க" என்றேன். எழுதி முடித்ததும் கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரலை வைத்தேன். தெளிவாக விழுந்தது.

உள்ளே இருந்தவர் படித்துப் பார்த்தார். கெட்டவர் இல்லை, நாற்காலி போடச் சொன்னார்.

"ஃபைல் க்ளோஸ் ஆயிருச்சும்மா. இதத் திரும்ப எடுக்கணும்னா சாட்சி வேணும்."

"நான்தான்யா சாட்சி. என் கையால எரிச்சேன்."

"எரிச்சேன்னு நீங்க சொல்றீங்க. எரிஞ்சது என்னன்னு எதவச்சு நான் எழுதுறது? மாப்பிள்ளைக்காகப் பேச வந்திருக்கீங்கன்னுதான் படிக்கிறவங்க நெனைப்பாங்க."

"அவருக்காக இல்ல. செத்தவருக்காக."

"வீட்டுக்குப் போங்கம்மா" என்று மனுவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகவில்லை. கரீமா இருக்கும் இடத்துக்குப் போனேன். அண்ணன் வீட்டின் பின்பக்கத்தில் ஓர் அறை. ரிஹானா பள்ளிக்கூடம் போயிருந்தாள். கரீமா ஒரு துணியில் பாசிமணி தைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். அவள் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்ப அவங்க சும்மா தொறக்கலயா?"

"இல்லம்மா. தெனம் பாத்தாரு. பதினோரு நாளு. மாப்புள்ள கேட்டதுக்காக."

"கைய உள்ள விடலயா?"

"இல்ல. டார்ச்சுதான் அடிச்சாரு."

இரண்டு மணியைத் தைத்தாள். பிறகு, "பழனி அண்ணன் வந்து சொன்னப்ப நான் நம்பல. அவங்க மேல இருக்க பாசத்துல பொய் சொல்றாருன்னு நெனச்சேன். நானே நம்பல" என்றாள். "அவங்க தலையில நானும்தான் போட்டேன். ஏன் தொறந்தீங்க, ஏன் தொறந்தீங்கன்னு மய்யித்தப் பாத்துக் கேட்டேன். எல்லாரு முன்னாடியும்."

கையை நீட்டினாள். மனுவைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள், கடைசியில் இருந்த என் விரல் ரேகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாலாக மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள்.

"இது ரிஹானாவுக்கு இருக்கட்டும். பெரியவளானா படிக்கட்டும்" என்றாள். பிறகு, "நீங்க இனி வராதீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை குளித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். உமா சொல்லியிருப்பாள்.

"ஆபீஸ்ல வாங்குனாங்களா?"

"வாங்கல. கரீமா வாங்கிக்கிச்சு."

"ம்" என்றார். சோற்றைப் பிசைந்தார். "அவங்க நம்புனாங்களா?"

"நம்பிருச்சு."

அவர் தலை நிமிரவில்லை. "லேட்டாயிருச்சு அத்த" என்றார். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த மூன்று சப்போர்ட்டும் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. செய்தித்தாள் மஞ்சளாகிவிட்டது. பிளாண்டில் வேறு யாரோ வந்து புதுப் பேனல் வைத்துவிட்டார்கள், அதில் அடிக்கு ஒன்றாகச் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

போன வாரம் ரேஷனுக்குச் சேர்ந்து போனோம். ஒன்பது மாதமாகச் செம்பைத் தொடாததால் ரேகை திரும்ப வந்திருக்கும் என்று உமா சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் விரலை வைத்தார். சிவப்பு எரிந்தது. கடையில் இருந்த பெண், "இன்னொரு தடவ வைங்கண்ணே" என்றாள். அவர் வைக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் விலகி எனக்கு இடம் விட்டார். நான் வைத்தேன். ஒரே தடவையில் விழுந்தது.